76 வயதில் இவ்வளவு கடுமையான சிகிச்சை தேவையா?

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு வாசகி தம் மாமியாரின் நோய் குறித்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கும்பகோணத்துக்கு அருகில் பிறந்து, திருமணமாகித் தென்னாப்பிரிக்கா வந்தவர். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மாமியாருக்கு வயது 76. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதைத் தவிர வேறு குறையில்லாமல், புரட்டாசி விரதம், கோயில் பூத்தொடுப்பு என்று நடமாடிக்கொண்டிருந்தவர். நான்கு மாதங்களாக மாலையில் லேசான காய்ச்சல், மணிக்கட்டிலும் முழங்காலிலும் வலி, பசியின்மை. உடை தளர்ந்து, எடை 59 கிலோவிலிருந்து 51 ஆனது. கணுக்காலுக்கு மேல் அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. அருகிலுள்ள மருத்துவமனையொன்றில் இருமுறை சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்தார்கள். வலிக்குத் தினமும் கிராண்ட்பா பொடி. சிறுநீரகம் கெடக் கெட இரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருளான கிரியாட்டினின், சென்ற ஆண்டு லிட்டருக்கு 96 மைக்ரோமோலாக இருந்தது, 248 ஆகி, இப்போது 386. உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஆன்கா என்னும் இரத்தப் பரிசோதனையில் எம்.பி.ஓ. வகை எதிர்ப்பொருள் இருப்பது தெரியவந்தது. பெரிய மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர் "வாஸ்குலைட்டிஸ்" (இரத்தக்குழாய்ச் சுவர் புண்ணாகும் நோய்) என்று சொல்லி, பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது), ஸ்டீராய்டு, அதோடு ஒரு புற்றுநோய் மருந்து என்று திட்டம் கூறியிருக்கிறார். நெஞ்சு எக்ஸ்-ரேயில் திட்டுத்திட்டான நிழல் தெரிகிறது. கடைசி வாரத்தில் சளியில் இரண்டுமுறை இரத்தம் கலந்து வந்தது.

வீட்டிலோ ஆளுக்கொரு கருத்து. இந்த வயதில் அம்மாவை வதைக்க வேண்டாம் என்கிறார் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நாத்தனார். நெருஞ்சில் கஷாயமும் ஊரிலிருந்து வரவழைத்த சூரணமும் போதும் என்கிறார் கொழுந்தனார். முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார் கணவர். மாமியாரிடம் இதுவரை சொன்னது "சிறுநீரில் கிருமி" என்பது மட்டும்தான்.

அன்புள்ள சகோதரிக்கு,

சளியில் இரத்தம் என்ற வரியைப் படித்ததுமே, அன்றே அத்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று உங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன். இதைப் படிக்கும் மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக மீண்டும் சொல்கிறேன். சிறுநீரகம் வேகமாகக் கெட்டுவரும் ஒருவருக்கு இருமலில் இரத்தம் வந்தால், அது நுரையீரலின் நுண்குழாய்கள் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. இனி, நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

அத்தைக்கு வந்திருப்பது மூப்பினால் சிறுநீரகம் மெல்லத் தேயும் நோய் இல்லை. நாத்தனாரின் வாதம் முழுவதும் அந்த எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது என்பதால் இதை முதலில் சொல்கிறேன். உடலின் எதிர்ப்பாற்றல் திசைமாறி, வெள்ளை அணுக்களில் ஒருவகையைத் தூண்டிவிடும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. தூண்டப்பட்ட அணுக்கள் மிகச் சிறிய இரத்தக்குழாய்களின் சுவரைப் புண்ணாக்குகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. அவை முழுக்க முழுக்க இத்தகைய குழாய்களால் ஆன சல்லடைகள் என்பதால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. மூட்டு வலி, காலில் புள்ளி, காய்ச்சல், எடை இழப்பு, தேநீர் நிறச் சிறுநீர் ஆகிய ஐந்தும் ஐந்து நோய்கள் என்று தோன்றினாலும் அவற்றின் வேர் ஒன்றே. சிறுநீரில் இரத்தமும் புரதமும் சேர்ந்து காணப்பட்டு, கிருமி வளராமல், கிரியாட்டினினும் ஏறினால், தொற்று என்று இரண்டாம் முறை மருந்தெழுதுவதற்கு முன் இந்த நோயை நினைக்க வேண்டும். ஆனால் பலருக்கும் இப்படித்தான் சில மாதங்கள் வீணாகின்றன. அதற்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

இது பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கே வரும் நோய் என்பதும் உங்கள் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். அத்தை விதிவிலக்கான நோயாளி அல்லர்.

வயதைக் காட்டிச் சிகிச்சையை விட்டுவிடலாமா?

சிகிச்சை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் பழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய நோயாளிகளைத் தொகுத்து 1958இல் வெளியான ஒரு கட்டுரை உண்டு. இதே நோய்க் குடும்பத்தின் மற்றொரு வகைக்கு ஆளானவர்களில் 100க்கு 82 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள் என்று அது பதிவு செய்தது. இன்று சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர், முதியவர்கள் உட்பட, நோய் அடங்கும் நிலையை எட்டுகிறார்கள். எனவே "அம்மா நிம்மதியாக இருக்கட்டும்" என்று நாத்தனார் விரும்புவது நியாயமானது என்றாலும், மருந்தை மறுப்பதனால் அந்த நிம்மதி கிடைத்துவிடாது. மூச்சுத்திணறல், வாந்தி, நீர்க்கோவை என்றே அந்த வழி போகும்.

அதே சமயம், உங்கள் குடும்பத்தாரின் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். முதியவர்களுக்கு முதல் ஓராண்டில் நோயைவிட, சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்து வரும் கிருமித் தொற்றே அதிக உயிர்களைக் கொள்கிறது. இந்த ஒரு செய்தியை அறிந்த மருத்துவர் மருந்தின் அளவை வயதுக்கேற்பக் குறைப்பார். மருந்தையே நிறுத்திவிட மாட்டார். என் கருத்தும் அதுதான்: வயது, அளவை முடிவு செய்யட்டும். சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை அது மட்டுமே முடிவு செய்யக் கூடாது.

குறைப்பது என்றால் எவ்வளவு? நீங்கள் புற்றுநோய் மருந்து என்று எழுதியது சைக்ளோபாஸ்பமைடு. அத்தைக்குப் புற்றுநோய் இருப்பதாக யாரும் கருதவில்லை. அதே மருந்தை இங்கே சிறிய அளவில், எதிர்ப்பாற்றலை அடக்குவதற்காகக் கொடுக்கிறோம். நரம்புவழி கொடுக்கும் முறையில் இளையவருக்கு ஒரு தவணைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். எழுபதைத் தாண்டியவருக்கு 10. கிரியாட்டினின் 300ஐயும் தாண்டியிருந்தால் 7.5. ஆகவே 51 கிலோ எடையுள்ள அத்தைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 380 மில்லிகிராம்தான் வருகிறது. அதே எடையுள்ள, சிறுநீரகம் அவ்வளவாகக் கெடாத 40 வயதுப் பெண்ணுக்கு 765. அத்தைக்குப் பாதிதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் சேர்த்து நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தவணைக்கு 500 மில்லிகிராம் என்று வரையறுத்து, ஆறு தவணைக்கு மேல் போகாமல், ஸ்டீராய்டையும் விரைவாகக் குறைத்துக் கொடுத்தார்கள். நோய் அடங்குவதில் குறைவு தென்படவில்லை. கடுமையான பக்கவிளைவுகளோ குறைந்தன.

ஸ்டீராய்டு பற்றியும் நல்ல செய்தி இருக்கிறது. 704 நோயாளிகளைக் கொண்டு 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, முதல் வாரத்துக்குப் பிறகே பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டின் அளவைப் பாதியாக்கி, தொடர்ந்து வேகமாகக் குறைத்தாலும் உயிரிழப்போ சிறுநீரக இழப்போ கூடுவதில்லை என்றும், கடுமையான தொற்றுகள் குறைகின்றன என்றும் காட்டியது. 51 கிலோ எடைக்கு முதல் வாரம் நாளுக்கு 60 மில்லிகிராம், இரண்டாம் வாரமே 30 என்பது அந்த அட்டவணை. "குறைத்த அளவு அட்டவணைப்படி கொடுக்க முடியுமா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை உயிரிழப்பையோ நிரந்தர டயாலிசிஸையோ மொத்தத்தில் குறைக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனவே அது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

சைக்ளோபாஸ்பமைடுக்கு மாற்றாக ரிட்டுக்ஸிமாப் என்னும் ஊசிமருந்து இருக்கிறது. வெள்ளை அணுக்களை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை என்பதால் முதியவர்களுக்கு நான் அதைப் பல நேரங்களில் விரும்புவேன். ஆனால் விலை கூடிய மருந்து. அரசு மருத்துவமனையில் தனி அனுமதி பெற வேண்டியிருக்கலாம். அந்த அனுமதிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் இருக்கும் மருந்தை இந்த வாரம் தொடங்குவது, சிறந்த மருந்துக்காக அடுத்த மாதம் வரை காத்திருப்பதைவிட மேல். வடுவாகிப்போன வடிகட்டி எந்த மருந்துக்கும் மீளாது.

பயாப்ஸியும் அதற்கு முந்தைய சோதனைகளும்

சிறுநீரகத்தில் ஊசி குத்தினால் அது செயலிழந்துவிடும் என்று உங்கள் கணவர் அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஆவதில்லை. முதுகுப்புறத்தை மரக்கச்செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, நூலளவு திசுவை எடுப்பார்கள். பிறகு சில மணிநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முக்கியமான ஆபத்து இரத்தக் கசிவுதான். இரத்தம் ஏற்றவேண்டிய அளவுக்குக் கசிவு நேர்வது நூற்றில் ஓரிருவருக்கு. இங்கேதான் கிராண்ட்பா பொடி பெரிய விஷயமாகிறது. அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. கசிவைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் கேடு. அத்தை தினமும் அதைச் சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பொடி என்பதால் அத்தை அதை மருந்துக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

பயாப்ஸி நோயை உறுதிசெய்வதோடு, எத்தனை வடிகட்டிகள் இன்னும் நன்றாக இருக்கின்றன, எத்தனை வடுவாகிவிட்டன என்பதையும் காட்டும். எவ்வளவு தூரம் போராடலாம் என்ற கணிப்புக்கு அது வேண்டும். ஆயினும் எம்.பி.ஓ. எதிர்ப்பொருளும் அறிகுறிகளும் இவ்வளவு பொருந்தியிருக்கும்போது, பயாப்ஸிக்குத் தேதி கிடைக்கும்வரை ஸ்டீராய்டை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

இரத்த அழுத்த மாத்திரைகளின் பெயர்ப் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஹைட்ரலசின் என்ற பழைய மாத்திரை அரிதாக இதே நோயைத் தூண்டுவதுண்டு.

தென்னாப்பிரிக்காவில் இருப்பதால் மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நாடு இது. காசநோயிலும் சளியில் இரத்தம் வரும், எக்ஸ்-ரேயில் நிழல் விழும், எடை குறையும். சில நேரம் ஆன்கா பரிசோதனையே நேர்மறையாக வரும். வாஸ்குலைட்டிஸ் என்று எண்ணிக் காசநோயாளிக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் பெருந்தீங்கு. எனவே சளியை, காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். இயந்திரத்தில் இட்டபின் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் முடிவு தரும் சோதனை அது. நுரையீரல் கசிவென்று வலுவான ஐயம் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்க நேரலாம். அதை அருகிலிருந்து பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காசநோய் இல்லை என்று உறுதியானபின் அது வராமல் தடுக்க ஐசோனியசிட் மாத்திரையை, நரம்பு மரத்துப்போகாதிருக்க வைட்டமின் பி6 உடன், கொடுப்பது குறித்தும் பேசுங்கள்.

எச்.ஐ.வி. சோதனைக்குக் கையெழுத்துக் கேட்டது நாத்தனாரைப் புண்படுத்தியிருக்கிறது. கணவனை இழந்த 76 வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்கலாமா என்று அவர் கொதித்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அது யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய கேள்வி இல்லை. எதிர்ப்பாற்றலை அடக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி மூன்றையும் பார்த்துவிட்டே தொடங்குகிறோம். குறிப்பாக, உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெப்படைட்டிஸ் பி ரிட்டுக்ஸிமாப் கொடுத்தபின் கிளர்ந்தெழுந்து கல்லீரலை அழிக்கக்கூடும்.

டயாலிசிஸ் கிடைக்காது என்றால்?

"எப்படியும் வயதைச் சொல்லி டயாலிசிஸ் மறுப்பார்கள். பிறகு எதற்கு இதெல்லாம்?" என்ற உங்கள் கணவரின் கேள்வியில் இந்த ஊரின் நினைவு இருக்கிறது. டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சுப்பிரமணி என்பவருக்கு அடிங்டன் மருத்துவமனையில் தொடர் டயாலிசிஸ் மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் 1997 நவம்பரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விரைவிலேயே அவர் இறந்தும் போனார். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கான டயாலிசிஸ், அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்னும் பிரிவின்கீழ் வராது என்பது தீர்ப்பின் சாரம். அரசு மருத்துவமனைகளில் இன்றும் இடம் குறைவு. முதியவர்களுக்கு மிகக் குறைவு.

ஆனால் அதே வழக்கில் பதிவான அந்த மருத்துவமனையின் விதியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. டயாலிசிஸ் உதவியால் மீளக்கூடிய திடீர்ச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அங்கே முன்னுரிமை இருந்தது. அத்தையின் நோய் சில மாதங்களுக்குள் வந்தது. மீளவும் கூடும். தேவைப்பட்டால், "மீளக்கூடிய நோய்க்கு, மூன்று மாத வரையறையுடன் டயாலிசிஸ்" என்று கேளுங்கள். மருத்துவர் அந்தச் சொற்களிலேயே விண்ணப்பத்தை எழுதட்டும். கிடைக்கும் என்று நான் உறுதி கூற முடியாது. கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. 386 என்ற நிலையில் உடனே சிகிச்சை தொடங்கினால் டயாலிசிஸ் தேவைப்படாமலே போவதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு. டயாலிசிஸ் கிடைக்காத ஊரில்தான் இந்தச் சிகிச்சையை இன்னும் விரைவாகத் தொடங்க வேண்டும்.

மூன்று, நான்கு மாதங்கள் டயாலிசிஸ் செய்தும் சிறுநீரகம் மீளவில்லை, நுரையீரல் போன்ற பிற உறுப்புகளிலும் நோய் இல்லை என்றால், கடும் மருந்துகளைத் தொடர்வதால் பயன் குறைவு, தொற்றின் ஆபத்தே மிச்சம். அப்போது நிறுத்தச் சொல்லும் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

முடிவெடுக்க வேண்டியவர் யார்?

கடிதம் முழுவதிலும் மகன்கள், மகள், மருமகள் என்று எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. அத்தையின் கருத்தைக் காணோம். அவர் நினைவு தெளிவாக இருப்பவர். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 6ஆம் பிரிவில், நோயின் நிலை, சிகிச்சை வழிகள், அவற்றின் நன்மை தீமை, மறுக்கும் உரிமை ஆகிய அனைத்தையும் நோயாளியிடமே, இயன்றவரை அவருக்குப் புரியும் மொழியில், சொல்ல வேண்டும் என்கிறது. அவர் தாமே பேச இயலாத நிலையில் இருந்து, வேறு யாரையும் முன்பே எழுத்தில் நியமிக்காமலும் இருந்தால் மட்டுமே கணவர் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற வரிசையில் உறவினர் ஒப்புதல் தரலாம். அந்த வரிசையில் மருமகள் இல்லை. தினமும் உடனிருந்து பார்ப்பவர் நீங்கள் என்பதால் இது உங்களுக்கு வருத்தம் தரலாம். அத்தை விரும்பினால், உங்களைத் தம் சார்பில் பேச எழுத்தில் நியமிக்கலாம்.

"பயந்துவிடுவார்" என்று மறைக்கிறீர்கள். எட்டுக் கிலோ இளைத்து, சளியில் இரத்தம் கண்ட ஒருவர் ஏற்கெனவே பயந்துதான் இருப்பார். கிருமி என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் ஊசி போட்டால் உங்கள் மீதான நம்பிக்கையும் போய்விடும். நோயின் பெயரைத் தமிழில், "சின்ன இரத்தக்குழாய்களில் புண், அதனால் சிறுநீரகம் கெடுகிறது, மருந்து இருக்கிறது, மருந்திலும் ஆபத்து உண்டு" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்கும் கேள்விகளுக்காகக் காத்திருங்கள். எல்லாம் அறிந்தபின் அவர் வேண்டாம் என்றால், அது அவருடைய உரிமை. அப்போது மூச்சுத்திணறலும் வலியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் ஆதரவுச் சிகிச்சையைக் கேட்டுப் பெறுங்கள்.

சிகிச்சை தொடங்கியபின் வீட்டில்

கஷாயத்தையும் சூரணத்தையும் இன்றே நிறுத்துங்கள். கொழுந்தனாரின் அன்பை நான் ஐயப்படவில்லை. ஆனால் உள்ளே என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தை, கழிவை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்குக் கொடுக்க முடியாது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீரும் வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியம் இந்த நிலையில் இதயத்தையே நிறுத்தக்கூடும். கடைகளில் "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்பிலும் பெரும்பாலும் பொட்டாசியமே இருக்கிறது. நிமோனியா வராமல் தடுக்கத் தரும் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால், அதைத் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் இரத்தப் பரிசோதனை வேண்டும்.

பிரெட்னிசோனைக் காலையில், சாப்பிட்டபின் கொடுங்கள். மாலையில் கொடுத்தால் முதியவர்கள் தூங்காமல் குழம்புவார்கள். இரத்தச் சர்க்கரையை அளக்க வேண்டும். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எதுவானாலும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசியாகக் கொடுக்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்த ஆண்டு புரட்டாசியில் அத்தை மரக்கறி உணவு உண்ணட்டும், தடையில்லை. பட்டினி விரதம் மட்டும் வேண்டாம். முதல் சில மாதங்கள் திருவிழாக் கூட்டத்தையும், இருமுகிறவர்கள் உள்ள அறையையும் தவிர்க்கட்டும். சளிக்காய்ச்சல், நிமோகாக்கஸ் தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போடலாம். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் கூடாது.

ஒரு வெப்பமானியை வாங்கி அத்தையின் கட்டிலருகே வையுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால், 38 பாகையைத் தொட்டாலும், தொடாமலே குளிர் நடுக்கமோ புதுக் குழப்பமோ மூச்சுவாங்கலோ கண்டாலும், இரவென்றும் பாராமல் அழைத்துச் செல்லுங்கள். சைக்ளோபாஸ்பமைடு கொடுத்த 10 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் எடுக்கவேண்டிய இரத்தப் பரிசோதனைக்கான சீட்டை, முதல் தவணை முடிந்து வீடு திரும்பும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.